லட்சுமணன் பெயரில் ஒரு பட்டம்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். அதை அவரே இப்போது என்னைவிட நன்றாகப் பேசிவிட்டார். ஆகவே நான் ஒரு கடனை அடைத்துவிட்டு அமர்ந்துவிடுகிறேன். கடன் கொடுத்தவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். யாரென்று சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் விஷயமே பெயரில்தான் இருக்கிறது. அவன் பெயர் லட்சுமணன். பரவாயில்லை, நம் லயத்தில் அந்தப் பெயரில் பெரியவரும் சிறியவருமாக நாலைந்து பேர் இருப்பதால் யாரென்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

வரலாற்றுப் பாடத்தில் மலாக்காவைப் பற்றி நடத்திக் கொண்டிருந்தேன். லக்சமணா ஹங் துவா என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். பின் வரிசையிலிருந்து இவன் எழுந்தான். "சார், லக்சமணான்னா நம்ம ராமாயணத்து லட்சுமணனா சார்? என் பேரா சார்?" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "இவன் பெரிய ஹங் துவா!" என்று ஒருவன் சொன்னான். பையன் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கும் அப்போது விடை உறுதியாகத் தெரியாது. பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், உட்கார்" என்றேன். அந்த நாளை வர மூன்று மாதம் ஆகிவிட்டது. ஏதேதோ படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, இன்று சொல்கிறேன்.

ஆமாம் தம்பி, உன் பெயர்தான்.

மலாய் மொழியில் 'லக்சமணா' என்பது இராமனின் தம்பி பெயரிலிருந்து வந்த சொல். இராமாயணம் மலாய் மொழியிலும் உண்டு. அதற்கு ஹிக்காயாட் ஸ்ரீ ராமா என்று பெயர். கிளந்தான் வாயாங் கூலிட் தோல்பாவைக் கூத்திலும் பல தலைமுறையாக ஆடி வந்த கதை அதுதான். அங்கேயும் ஸ்ரீ ராமாவின் தம்பி லக்சமணாதான். கதையில் வந்த அந்தப் பெயரை மலாக்கா அரசில் கடற்படைத் தலைவனுக்குப் பட்டமாகச் சூட்டினார்கள். ஒரு மனிதனின் பெயர் ஒரு பதவியின் பெயராயிற்று.

மலாக்கா அரசில் பெரிய பதவிகள் சில இருந்தன. பெண்டஹாரா என்பவர் முதலமைச்சர் மாதிரி, சுல்தானுக்கு அடுத்தவர். தெமெங்கோங் என்பவர் நகரக் காவல், குற்றம், தண்டனை எல்லாவற்றையும் பார்ப்பவர். லக்சமணா கப்பல்களுக்கும் கடல் வீரர்களுக்கும் தலைவர். சுல்தானின் அருகில் காவல் நிற்பவர். வெளிநாட்டுக்குத் தூது போகிறவரும் அவர்தான். பெண்டஹாரா என்ற சொல்லும் நமக்குத் தூரம் இல்லை. பண்டாரம், பண்டகசாலை என்று நாம் சொல்கிறோமே, அதே வேர். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்தான் பெண்டஹாரி. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெண்டஹாரி முன் வரிசையில் ரசீதுப் புத்தகத்தோடு இருக்கிறார். அந்தப் புத்தகத்துக்குப் பயந்து சிலர் பின்னால் போய் உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரிகிறது.

படைத்தலைவனுக்குப் பட்டம் கொடுப்பது நம் பழைய வழக்கமும்கூட. தமிழ் அரசர்கள் 'ஏனாதி' என்று பட்டம் கொடுத்து, அதற்கு அடையாளமாக ஒரு மோதிரமும் அணிவித்தார்கள். சோழர் காலத்தில் சேனாபதி, தண்டநாயகன் என்றெல்லாம் இருந்தன. இராசேந்திர சோழன் 1025-இல் கப்பற்படையோடு வந்து கடாரத்தை வென்றதை நம் விழாக்களில் சொல்லாமல் யாரும் மேடையை விட்டு இறங்குவதில்லை. ஆகவே நான் இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன்.

இனி ஹங் துவா. அவர் உண்மையில் வாழ்ந்தவரா, கதைதானா என்று 2012-இல் இந்த நாட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஹங் துவா இருந்ததற்குச் சான்று இல்லை என்று வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் சொல்ல, பலருக்கு மனம் கொதித்தது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் லக்சமணா என்ற பதவி உண்மையாகவே இருந்தது. மலாக்காவைப் போர்த்துக்கீசியர் பிடித்த மறுவருடம், 1512-இல், அங்கே வந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர் அந்தப் பதவியைத் தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆள் கதையாக இருக்கலாம். நாற்காலி கதை இல்லை.

ஹங் துவா கதையைப் பெரியவர்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1956-இல் வந்தது, பி. ரம்லி நடித்தது. அதை இயக்கியவர் பானி மஜும்தார் என்ற இந்தியர். கதை இதுதான். ஹங் துவா மேல் பொறாமைப்பட்டவர்கள் கோள் சொல்கிறார்கள். சுல்தான் விசாரிக்கவே இல்லை, "கொன்றுவிடு" என்கிறார். பெண்டஹாரா நல்லவர், கொல்லாமல் ஒளித்து வைக்கிறார். நண்பன் செத்துவிட்டான் என்று நினைத்த ஹங் ஜெபாட், குற்றம் செய்யாதவனைக் கொன்ற அரசனுக்கு எதிராகக் கிளம்பி அரண்மனையையே பிடித்துக் கொள்கிறான். அவனை அடக்க ஆள் இல்லை. பிறகு பெண்டஹாரா உண்மையைச் சொல்ல, ஹங் துவாவை வரவழைக்கிறார்கள். தனக்காகச் சண்டை போட்ட நண்பனை ஹங் துவாவே கொல்கிறார், அரசன் சொல்லிவிட்டான் என்பதற்காக.

ஹிக்காயாட் ஹங் துவா என்ற நூலில் உள்ளது இப்படி. செஜாரா மெலாயு என்ற இன்னொரு பழைய நூலில் கலகம் செய்தவன் ஹங் கஸ்தூரி. ஜெபாட் என்றால் புனுகு, கஸ்தூரி என்றால் நமக்கே தெரியும்; இரண்டும் வாசனைப் பொருள்தான். இந்த இரண்டு நூல்களையும் யுனெஸ்கோ 2001-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

துவா செய்தது சரியா, ஜெபாட் செய்தது சரியா என்று மலாய்க்காரர்களே இன்றுவரை ஓயாமல் விவாதிக்கிறார்கள். 1961-இல் ஜெபாட் பெயரிலேயே ஒரு படம் வந்துவிட்டது. வகுப்பில் நான் கைதூக்கச் சொன்னேன். ஆண்பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் ஜெபாட் பக்கம். ஒரு பெண்பிள்ளை மட்டும், "ரெண்டு பேரும் தப்பு சார், ராஜாதான் மொதல்ல விசாரிச்சிருக்கணும்" என்றது. அந்தப் பிள்ளைக்கு இன்று பரிசுப் பட்டியலில் பெயர் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

நம் கம்பராமாயணத்தைப் படித்தவர்களுக்கு இதில் ஒன்று தோன்றும். இராமனுக்கு முடி இல்லை என்று கேள்விப்பட்டதும் இலட்சுமணன் என்ன செய்தான்? வில்லைத் தூக்கிக் கொண்டு வந்துவிட்டான். யார் வந்தாலும் நான் ஒருவனே பார்த்துக் கொள்கிறேன் என்று கொதித்தான். அப்போது அவன் ஜெபாட். இராமன் தடுத்துச் சொன்னதும் கோபத்தை அடக்கி, அண்ணன் பின்னால் காட்டுக்குப் போனான். இராமனும் சீதையும் உறங்கும்போது இரவெல்லாம் கண் மூடாமல் வில்லோடு நின்றான். அப்போது அவன் துவா. நம் கதையில் ஒரே ஆளுக்குள் இருந்த இரண்டும் மலாய்க் கதையில் இரண்டு நண்பர்களாகப் பிரிந்து நிற்பதாக எனக்குப் படுகிறது. இது என் சொந்த எண்ணம்தான், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் பட்டத்தின் பெயர் நல்ல பெயர் என்பதால் அதைச் சூடியவர்கள் எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

மலாக்கா விழுவதற்கு முந்திய வருடம், 1510. சுல்தான் மஹ்மூட் ஷா காலம். பெண்டஹாராவாக இருந்தவர் துன் முத்தாஹிர். அவருடைய முன்னோர் ஒருவர் மணி புரிந்தான் என்று பெயர் கொண்டு, 'கெலிங்' நாட்டிலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து, வந்தவர் என்று செஜாரா மெலாயு சொல்கிறது. அந்தச் சொல் இன்று வசைச் சொல்லாகிவிட்டது. அன்று அது ஊர்ப்பெயர். மலாக்காவில் இரண்டு பெரிய கெலிங் வணிகர்கள் இருந்தார்கள். ஒருவர் நைனா சுரா தேவானா. இன்னொருவர் ராஜா மெண்டலியார்; முதலியார்தான் அப்படி ஆகியிருக்கிறது. இருவருக்கும் வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பெண்டஹாரா. நைனா சுரா தேவானா இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குத் தங்கம் கொண்டு போய்க் கொடுத்தார். பெண்டஹாராவும் வாங்கிக் கொண்டார். அவரும் சுத்தம் இல்லை. கித்துல் என்று ஒருவன், முதலியாரிடம் கடன்பட்டவன். அவன் ஓடிப்போய், "உங்களைக் கொல்லப் பணம் கைமாறிவிட்டது" என்று இல்லாததைச் சேர்த்துச் சொன்னான். கடன் தீர்ந்தது அவனுக்கு. முதலியார் பயந்து போய், தங்கத்தையும் நகையையும் எடுத்துக் கொண்டு யாரிடம் போனார் தெரியுமா? லக்சமணாவிடம். அப்போது லக்சமணா பட்டத்தில் இருந்தவர் கோஜா ஹசான்.

கோஜா ஹசான் தங்கத்தை வாங்கிக் கொண்டார். "பெண்டஹாரா சுல்தானாகப் பார்க்கிறார்" என்று அரசன் காதில் போட்டார். அரசனுக்கும் பெண்டஹாராவின் மகள் துன் பாத்திமாவின் கல்யாண விஷயத்தில் பழைய கோபம் இருந்தது. விசாரணை இல்லை. துன் முத்தாஹிரும் அவர் வீட்டு ஆண்களும் கொல்லப்பட்டார்கள். பிறகுதான் எல்லாம் பொய் என்று தெரிந்தது. முதலியாருக்கும் கித்துலுக்கும் மரண தண்டனை. லக்சமணாவின் சொத்தும் பதவியும் போயின. மறுவருடம் 1511 ஆகஸ்டு 24-ஆம் தேதி மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்குப் போயிற்று. கோள்தான் மலாக்காவைக் கவிழ்த்தது என்று நான் சொல்லவில்லை. பீரங்கியும் கப்பலும் வந்தன. ஆனால் அந்த நேரத்தில் அரசில் மூத்த அறிவாளி ஒருவர் இல்லாமல் போனார்.

கோள் கேட்டுத் துவாவைக் கொல்லச் சொன்ன கதையை முன்பே சொன்னேன். அதில் லக்சமணா கோளுக்குப் பலியானவர். இதில் லக்சமணாவே கோள் சொன்னவர். பட்டம் ஒன்றுதான்.

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிதா என்ன? கண்காணிப்பவர் என்பதால்தான் கங்காணி என்று பெயர் வந்தது. காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தன் வீட்டிலிருந்து கஞ்சி அனுப்பிய கங்காணியையும் என் பாட்டி சொல்லியிருக்கிறது. சம்பளத்தில் கை வைத்த கங்காணியையும் சொல்லியிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பட்டம்.

கோஜா ஹசானுக்குப் பிறகு ஹங் நாடிம் லக்சமணா ஆனார். போர்த்துக்கீசியர் பிடித்த மலாக்காவை மீட்கப் பல தடவை கடலில் சண்டை போட்டவர் அவர். கோஜா ஹசான் கையில் கெட்ட பெயரை அவர் கழுவினார் என்று சொல்லலாம். சுமத்ராவின் ஆச்சேயில் ஒரு பெண்ணே லக்சமணாவாக இருந்தார். பெண்பிள்ளைகள் இதைக் கவனித்துக் கேளுங்கள். மலஹயாத்தி என்று பெயர். போரில் கணவரை இழந்த பெண்களைச் சேர்த்துப் படை நடத்தியவர். 1599-இல் டச்சுக் கப்பல் தலைவன் கோர்னெலிஸ் டி ஹவுட்மன் அவர் கையால் விழுந்தான் என்பது ஆச்சே மக்கள் சொல்லும் வரலாறு. 2017-இல் இந்தோனேசியா அவரைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது. இங்கிருந்து மலை இறங்கினால் வரும் பேராக்கிலும் ஒரு லக்சமணா இருந்தார், முஹமட் அமீன். 1875-இல் வெள்ளைக்கார ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட விவகாரத்தில், 1877-இல் சுல்தான் அப்துல்லாவோடு சேர்த்து அவரையும் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஹங் நாடிம், முஹமட் அமீன் பெயர்களை நம் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்கு வைத்திருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். நம் பகாங் அரச பரம்பரை பெண்டஹாரா வழியில் வந்தது. ஜொகூர் அரச பரம்பரை தெமெங்கோங் வழியில் வந்தது. இன்றுள்ள ஒன்பது அரச பரம்பரைகளில் லக்சமணா வழியில் வந்தது ஒன்றுமில்லை. இலட்சுமணனும் முடி சூடவில்லை.

இப்போது அந்தப் பையனின் தகப்பனாரிடம் வருகிறேன். அவர் இங்கேதான் இருக்கிறார். எனக்கு அண்ணன் மாதிரி, கோபித்துக் கொள்ள மாட்டார். இந்த விவரங்களில் பாதியைப் பையனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவன் வீட்டுக்குப் போய், "நான் நேவியில சேரப் போறேன்" என்றிருக்கிறான். மறுநாள் கடையில் என்னைப் பார்த்த அண்ணன், "என்னா சார், பையன கெளப்பி விட்டுட்டீங்க. மலையில பொறந்தவனுக்குக் கடல் எதுக்கு சார்? எஸ்பிஎம் முடிச்சா இங்கயே ஒரு வேல இருக்கும். அதெல்லாம் நமக்கு வராது சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக் கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த 'நமக்கு வராது' என்ற சொல்லை நான் சின்ன வயதில் என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டபோதும் கேட்டேன்.

அண்ணே, கடையில் சொல்ல வராததை இங்கே சொல்கிறேன். இன்று அரச மலேசியக் கடற்படையில் அட்மிரலுக்கு மலாயில் என்ன பட்டம்? லக்சமணா. அதற்குக் கீழே லக்சமணா மாடியா, லக்சமணா மூடா, லக்சமணா பெர்த்தாமா. அந்தக் கடற்படைக்கு ஆரம்பத்தில் வெளிநாட்டு அதிகாரிகளே தலைவர்கள். 1967 டிசம்பர் முதல் தேதி முதன்முதலாக ஒரு மலேசியரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவருக்கு வயது 31. அவர் பெயர் கே. தனபாலசிங்கம். தமிழர். 1976 கடைசி வரை ஒன்பது வருடம் அந்தப் பொறுப்பில் இருந்து, லக்சமணா மூடா பட்டத்தோடு ஓய்வு பெற்றார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். அவர் தோட்டத்துப் பிள்ளை இல்லை. கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தவர், இங்கிலாந்து டார்ட்மத் கடற்படைக் கல்லூரிக்குப் போனவர். உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். அவருக்குக் கிடைத்த வசதி நம் பிள்ளைக்கு இல்லை. இப்போது சேர்வதும் எளிதல்ல. மலாய் நன்றாக வேண்டும், கணக்கு வேண்டும், உடம்பு வேண்டும், நீந்தத் தெரிய வேண்டும். நம் பையனுக்கு நீச்சல் தெரியாது. இந்த மலையில் எங்கே கற்றுக் கொள்வான்? இதெல்லாம் ஒவ்வொன்றும் கஷ்டம்தான். ஆனால் கஷ்டம் வேறு, வராது என்பது வேறு.

கடலும் நமக்குப் புதிதில்லை அண்ணே. உங்கள் தாத்தாவும் என் தாத்தாவும் இந்த மலைக்கு நடந்தா வந்தார்கள்? ரஜூலா மாதிரிக் கப்பலில், தளத்தில் படுத்து, வாந்தி எடுத்துக் கொண்டு பினாங்கில் வந்து இறங்கினவர்கள். உங்கள் தாத்தா பெயரைத்தான் பையனுக்கு வைத்தீர்கள் என்று உங்கள் அம்மா என்னிடம் சொன்னது. செக்ரோலில் அவர் பெயரை எப்படியோ எழுதி, துரை கூப்பிட்டது 'லெச்சு' என்றாம். மலாக்கா அரண்மனையில் கடற்படைத் தலைவனைக் கூப்பிட்ட பெயரைத்தான் இங்கே பாதியாக்கிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது துரைக்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது.

பையன் கடற்படையில் சேரட்டும், சேராமல் போகட்டும். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் அவன் மனசு பத்துத் தடவை மாறும். போன மாதம் வரை லாரி ஓட்டப் போவதாகச் சொன்னவன்தானே. நான் கேட்பது ஒன்றுதான். அவனுக்கு வயது பதினொன்று. இதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் பார்த்ததில்லை.

அதனால் வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், தாப்பா வழியாக இறங்கி லுமுட்டுக்குப் பஸ் வைக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் படகில் ஏறினால் கடற்படைத் தளத்தையும் கப்பல்களையும் தண்ணீரிலிருந்தே பார்க்கலாம். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொள்ளுங்கள்; கடலுக்கு முன்னால் தாப்பா ரோட்டு வளைவுகள் இருக்கின்றன. பிள்ளையோடு தாயோ தகப்பனோ ஒருவராவது வர வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் விழா முடிந்ததும் முன் வரிசையில் பெண்டஹாரியிடம் கொடுக்கலாம். முதல் பெயரை அண்ணன் கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.